ஊசி கேட்கிறவர் என்ன கேட்கிறார்?

வாசகர் கேள்வி: எம்.பி.பி.எஸ். முடித்து, நீடாமங்கலம் பக்கம் ஒரு சிற்றூரில் கிளினிக் வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. சளி, காய்ச்சல், உடம்பு வலி என்று வருகிறவர்களில் பாதிப் பேர் உட்காரும்போதே, "ஒரு ஊசி போட்டுடுங்க" என்கிறார்கள். நடவு, களை நேரத்தில், "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று வருகிறவர்கள் அதிகம். தேவையில்லை என்றால் எழுந்து கடைத்தெருவில் இருக்கும் இன்னொரு கிளினிக்குக்குப் போய்விடுகிறார்கள். 'இந்த டாக்டரம்மாவுக்கு ஊசி போடத் தெரியாதாம்' என்று ஊரில் பேச்சு. வாடகைக்கும், உதவிக்கு இருக்கும் பெண்ணின் சம்பளத்துக்குமே இழுபறியாக இருக்கிறது. என் மாமனார், "ஒரு சத்து ஊசி போட்டா என்ன குறைஞ்சிடும்? அவங்களுக்கும் திருப்தி, உனக்கும் நாலு காசு" என்கிறார். கெடுதல் இல்லாத ஒன்றை, கேட்கிறவர்களுக்குக் கொடுப்பது தப்பா சார்?

— ஓர் இளம் மருத்துவர்

பதில்:

அன்புள்ள டாக்டரம்மா,

தப்புதான். அது உங்களுக்கே தெரிந்திருக்கிறது, இல்லாவிட்டால் இந்தக் கடிதம் வந்திருக்காது. ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. கும்பகோணத்துக்கும் குடவாசலுக்கும் நடுவில் 34 வருடமாகக் கிளினிக் வைத்திருக்கிறேன். அதில் முதல் பதினைந்து வருடம் கேட்டவர்களுக்கெல்லாம் ஊசி போட்டவன் நான். உங்கள் மாமனார் சொல்லும் அதே சமாதானத்தைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஊசி கேட்கிறவர்கள் மேல் முதலில் கோபப்படாதீர்கள். இந்தப் பக்கத்துப் பெரியவர்களிடம் பேசிப் பாருங்கள். நிமோனியாவில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்த பிள்ளை, பென்சிலின் ஊசியில் எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். காசநோய்க்காரர் மாதக்கணக்கில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொண்டு பிழைத்து வந்ததைப் பார்த்தவர்கள். ஊசி என்றால் உயிர் என்று அவர்கள் நம்பியதை மூடநம்பிக்கை என்று சொல்லக் கூடாது. கண்ணால் கண்டதை நம்பினார்கள். அந்த நம்பிக்கையை எடுத்துச் சளிக்கும் இடுப்பு வலிக்கும் செலவழித்தது என்னைப் போன்ற டாக்டர்கள்தான்.

நான் கிளினிக் தொடங்கிய நாளில் கண்ணாடி சிரிஞ்சுகள். காலையில் ஸ்டெரிலைசரில் அவை கடகடவென்று கொதிக்கும் சத்தம் வாசல் திண்ணை வரை கேட்கும். உள்ளே வருகிறவர் நாக்கை நீட்டுவதற்கு முன்பே சட்டைக் கையை மடித்துவிடுவார். நான் ஊசி போடுவேன். ஜுரம் இரண்டு நாளில் தானாக இறங்கும். 'டாக்டர் கைராசிக்காரர்' என்று எனக்குப் பேர் வரும். "ஊசி போடாவிட்டாலும் இது இறங்கியிருக்கும்" என்று ஒரு நாளும் ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. இப்படித்தான் ஒரு ஊர் ஊசி கேட்கப் பழகுகிறது. அதனால் 'அவர்கள் கேட்கிறார்கள், நான் கொடுக்கிறேன்' என்ற பேச்சு நமக்குப் பொருந்தாது. கேட்கப் பழக்கியதே நாம்.

சரி, 'கெடுதல் இல்லாத' என்ற வார்த்தைக்கு வருகிறேன். அதை எடுத்துப் பேச வேண்டுமென்றால் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஓர் ஐப்பசி மாதம். நாலு நாள் அடித்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. சாயங்காலம் வாசலில் முப்பது நாற்பது பேர். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், வயலில் தண்ணீர் வடிய வாய்க்கால் அடைப்பு எடுத்துவிட்டு நேராக வந்திருந்தார். காலில் சேறு காய்ந்திருந்தது. "மூணு நாளா காய்ச்சல் டாக்டர், உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. வலி ஊசி ஒண்ணு போடுங்க, காலையில வேலைக்குப் போகணும்" என்றார். டைக்ளோஃபெனாக் போட்டு அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் வேலை முடிந்தது. மறுநாளும் வந்தார், மறுபடியும் போட்டேன். அதற்கடுத்த நாள் அவர் மனைவி மட்டும் வந்து நின்றார். "நேத்து மத்தியானத்திலேருந்து அவரு ஒண்ணுக்கே போகல டாக்டர்."

எலிக்காய்ச்சல். சிறுநீரகம் வேலை செய்வதை நிறுத்தியிருந்தது. தஞ்சாவூருக்கு அனுப்பி, அங்கே டயாலிசிஸ் செய்து, மூன்று வாரம் கழித்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்.

அவர் கண் இரண்டும் சிவந்திருந்தது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தூக்கம் கெட்ட கண் என்று விட்டுவிட்டேன். கெண்டைக்கால் தசையை ஒரு தடவை அழுத்தியிருந்தால் துள்ளியிருப்பார். கண் சிவப்பும் கெண்டைக்கால் வலியும் அந்த நோயின் அடையாளம் என்று நான் படிக்காதவனா? அழுத்திப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அவர் ஊசி கேட்டார், என் மேசையில் ஊசி இருந்தது. எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரில் நாள் முழுக்க நிற்கிற மனிதர். கிருமி ஏற்கெனவே சிறுநீரகத்தில் கை வைத்திருக்க, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கிற ஒரு வலி மருந்தை அதன் மேல் நான் இரண்டு தடவை ஏற்றினேன். முதல் நாளே கண்டுபிடித்திருந்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையிலேயே சரியாகியிருக்க நிறைய வாய்ப்பு இருந்தது.

திரும்பி வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, சீக்கிரம் தஞ்சாவூருக்கு அனுப்பியதால்தான் பிழைத்தேன் என்று நன்றி சொன்னார். அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை. ஒரு வருடம் கழித்துத்தான் தைரியம் வந்து நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான்தானே டாக்டர் கேட்டேன்" என்றார்.

ஊசி வேண்டும் என்று கேட்க அவருக்குத் தெரியும். 'கெண்டைக்காலை அழுத்திப் பாருங்கள்' என்று கேட்க அவருக்கு எப்படித் தெரியும்? அதைத் தெரிந்துவைத்திருக்கத்தானே நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் கேள்விக்கு என் முழுப் பதிலும் இதுதான். தேவையில்லாத மருந்து, பார்த்திருக்க வேண்டிய ஒன்றைப் பார்க்காமல் விட நமக்கு வசதி செய்து கொடுக்கிறது. கேட்டதைக் கொடுத்ததும் இரண்டு பக்கமும் திருப்தி, கேள்வி அங்கேயே நின்றுவிடுகிறது.

உங்கள் மாமனாரின் சத்து ஊசியையும் இதே கண்ணோடு பாருங்கள். 'அசதியா இருக்கு, கை கால் குடையுது, ஒரு சத்து ஊசி போடுங்க' என்று வருகிற பெண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்திருக்கிறீர்களா? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். நாம் போடும் பி காம்ப்ளெக்ஸ் ஊசியில் இரும்புச்சத்து கிடையாது. அந்தப் பெண் மாதம் ஒரு தடவை வந்து சிவப்பு மருந்து ஏற்றிக்கொண்டு, டாக்டர் பார்த்துக்கொள்கிறார் என்ற நிம்மதியில், அதிகமாகப் போகும் மாதவிடாயைப் பற்றி வாயே திறக்காமல் வருடக்கணக்கில் இருந்துவிடுவார். ஊசி மருந்தில் விஷம் இல்லை என்பது உண்மைதான். ஹீமோகுளோபின் பார்க்காமல் போன வருடங்களை யார் திருப்பித் தருவார்கள்? அதோடு, அது தன் நோய்க்கான மருந்து என்று நம்பித்தான் அவர் காசு கொடுக்கிறார். இல்லை என்று தெரிந்து வாங்கிக்கொள்கிற நமக்கு அதற்கு வேறு பெயர் இல்லை, பொய்தான்.

குளுக்கோஸ் விஷயத்தில் ஒரு வழி எனக்குப் பலித்திருக்கிறது. என் மேசையில் ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு சர்க்கரை டப்பா, ஒரு ஸ்பூன் வைத்திருக்கிறேன். குளுக்கோஸ் கேட்கிறவரிடம் பாட்டிலைக் காட்டி, அதில் '5%' என்று போட்டிருப்பதைப் படிக்கச் சொல்வேன். 500 மில்லி பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை. அதை அவர் முன்னாலேயே டம்ளரில் போடுவேன், ஐந்து ஸ்பூன். "இவ்வளவுதாங்க இதுல இருக்கறது, மீதி தண்ணி." நடவுக்குப் போகும் ஒரு பாட்டி டம்ளரை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா ரெண்டு மணி நேரம் படுக்க வைக்கிறீங்க?" என்றார். அதற்குப் பிறகு அவர் குளுக்கோஸ் கேட்டதில்லை. ஆனால் அதோடு அவரை அனுப்பியிருந்தால் அதுவும் பாதி வைத்தியம்தான். அவருக்கு ஏன் தலை சுற்றியது என்று கேட்டபோதுதான் தெரிந்தது, காலை ஆறு மணிக்கு வயலில் இறங்குகிற பெண்கள் ஒதுங்க இடமில்லை என்பதால் தண்ணீரே குடிப்பதில்லை. நீர்க்கடுப்பும் தலைச்சுற்றலும் பாதி அங்கிருந்து வருகிறது. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது. சோற்றின் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாகி, உப்போடு சேர்ந்து தண்ணீரையும் உடம்புக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வேலை செய்வதும் இந்த முறையில்தான். வாந்தி நிற்காதவர், மயங்கிக் கிடப்பவர், வயிற்றுப்போக்கில் கண் உள்ளே போனவர், இவர்களுக்கு டிரிப் வேண்டும், தயங்காமல் ஏற்றுங்கள்.

அதே போல 'ஊசியே ஆகாது' என்ற பிடிவாதமும் வேண்டாம். அரிவாள் வெட்டுக்கு டெட்டனஸ் தடுப்பூசி, நாய் கடித்தால் தடுப்பூசி, மூச்சிழுப்புக்காரருக்கு அவசரத்தில், பாம்பு கடித்தவருக்கு விஷமுறிவு. இந்த மண்ணில் இவையெல்லாம் அன்றாடம்.

ஆன்டிபயாடிக் விஷயம் வேறு. மற்றவற்றில் கெடுதல் கேட்டவரோடு போகும், இதில் அடுத்த வீட்டுக்கும் போகும். பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-ல் நோபல் பரிசு உரையிலேயே ஒரு கற்பனைக் குடும்பத்தைச் சொல்லி எச்சரித்தார். தொண்டை வலிக்காரர் ஒருவர் தானாகப் பென்சிலின் வாங்கி அரைகுறையாகச் சாப்பிடுகிறார். சாகாத கிருமி மருந்துக்குப் பழகிவிடுகிறது. அது அவர் மனைவிக்குத் தொற்றி, நிமோனியா ஆகி, பென்சிலின் கேட்காமல் அவள் இறந்துபோகிறாள். நம் ஊரில் இப்போது சாதாரண நீர்க்கடுப்புக்கே சிப்ரோஃப்ளாக்சசின் பல பேருக்குக் கேட்பதில்லை. டைபாய்டு கிருமியும் அந்த மருந்தை மீறிவிட்டது. சளி என்பது வைரஸ். அதற்கு அசித்ரோமைசின் எழுதினால் சளிக்கு ஒன்றும் ஆகாது, குடலில் இருக்கும் மற்றக் கிருமிகள்தான் பாடம் படிக்கும். மெடிக்கலில் 'ஒரு செட் மாத்திரை' வாங்கிச் சாப்பிடுகிற பழக்கத்தை நீங்கள் ஒருவராக நிறுத்திவிட முடியாது. ஆனால் பக்கத்து மெடிக்கல்காரரிடம் ஒரு நாள் உட்கார்ந்து பேசலாம். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத, சில ஆன்டிபயாடிக்குகளும் அடங்கிய எச்1 அட்டவணை மருந்துகளுக்கு 2014-லிருந்தே அவர் தனிப் பதிவேடு எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். அட்டையில் ஓடும் சிவப்புக் கோடு எதற்கென்று அவருக்கு நன்றாகவே தெரியும். டாக்டரே வந்து கேட்டார் என்றால் கொஞ்சம் தயங்குவார். என் பக்கத்துக் கடைக்காரர் தயங்கினார்.

உரிமை என்றும் சிலர் வாதம் செய்வார்கள். நோயாளியின் உடம்பு, நோயாளியின் காசு, அவர் கேட்பதைக் கொடுக்க வேண்டியதுதானே? ஒரு சிகிச்சை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை இருக்கிறது, அதை நாம் மீறக் கூடாது. ஆனால் அந்த உரிமையைத் திருப்பிப் போட்டு, கேட்ட மருந்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒரு கடமையை உண்டாக்க முடியாது. மருந்து அறிவுக்குப் பொருந்த எழுதப்படுவதை மருத்துவர் உறுதி செய்ய வேண்டும் என்று 2002-ம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளே சொல்கின்றன. ஹிப்போகிராடிஸ் பெயரில் உள்ள பழைய உறுதிமொழியில், கொல்லும் மருந்தை 'யார் கேட்டாலும்' கொடுக்க மாட்டேன் என்று வருகிறது. கேட்பார்கள் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது பாருங்கள்.

இனி வாடகை, சம்பளம். இதைப் பேசாமல் நியாயம் பேசுவது எனக்குப் பிடிக்காது. ஊசியை நிறுத்தியபோது எனக்குக் கூட்டம் பாதியாகக் குறைந்தது. ஏறக்குறைய இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தது. என் மனைவி ஆசிரியை, அவள் சம்பளத்தில் வீடு ஓடியது. அந்த வசதி இல்லாதவர்கள் ஒரேயடியாக நிறுத்த வேண்டும் என்று நான் எப்படிச் சொல்வேன்? ஆனால் ஒன்றை நாளைக்கே செய்யலாம். உங்கள் கட்டணத்தை ஊசியிலிருந்து பிரித்துவிடுங்கள். பார்த்ததற்கு ஒரு தொகை, ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் அதே தொகை. மூன்று நாளைக்குள் திரும்பி வந்தால் காசு வாங்காதீர்கள். ஊசியால் உங்களுக்கு வரும்படி இல்லை என்று ஊருக்குத் தெரிந்த பிறகு, 'வேண்டாம்' என்று நீங்கள் சொல்வதன் எடையே வேறு. ஸ்டீராய்டு, வலி மருந்து கலந்து போடும் ஊசியையும், சளிக்கு ஆன்டிபயாடிக்கையும் இன்றைக்கே நிறுத்துங்கள். அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அந்த 'வேண்டாம்' என்ற சொல்லில் பேச்சைத் தொடங்காதீர்கள். தொட்டுப் பார்த்துத் தொடங்குங்கள். நெஞ்சில் ஸ்டெத் வையுங்கள், தொண்டையில் டார்ச் அடியுங்கள், பார்த்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "நெஞ்சு சுத்தமா இருக்கு. தொண்டையில சீழ் இல்ல." அப்புறம், "நாளைக்கு என்ன வேலை?" என்று கேளுங்கள். ஊசி கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் கேள்விக்காகத்தான் வந்திருப்பார்கள். ஒரு நாள் கூலி போகும், வீட்டில் விசேஷம், பிள்ளைக்குப் பரீட்சை. பாராசிட்டமால் கேட்கவில்லை என்பவரை விசாரித்தால், காலையில் ஒரு 500 போட்டதோடு சரி என்பார். உங்கள் முன்னால் நிற்கிற பெரியவருக்கு 650-ஐ ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை போடலாம், கல்லீரல் கோளாறு இல்லாதவரானால். அதைச் சீட்டில் மணி போட்டுத் தமிழில் எழுதிக் கொடுங்கள். அதற்குக் கீழேயே, எது வந்தால் மூன்று நாள்வரை காத்திருக்காமல் ஓடி வர வேண்டும் என்றும் எழுதுங்கள்: ஒன்றுக்குப் போவது குறைந்தால், மூச்சு வாங்கினால், வயிறு வலித்தால், ரத்தம் கசிந்தால். மழைக்காலத்தில் டெங்குவும் எலிக்காய்ச்சலும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே வரும், இரண்டிலுமே வலி ஊசி ஆபத்து. "இன்னைக்கு ஊசி போட்டா நாளைக்கு எனக்கு உங்க நோய் தெரியாம போயிடும்" என்று நான் சொல்வதுண்டு. அது உண்மை, அதனால் அவர்களுக்கும் புரிகிறது.

இத்தனைக்கும் பிறகும் சிலர் எழுந்து போவார்கள். போகட்டும். கடைத்தெருக் கிளினிக் டாக்டரைப் பற்றி நோயாளிகளிடம் ஒரு வார்த்தையும் பேசாதீர்கள், அவரும் ஒரு காலத்தில் நான் இருந்த இடத்தில் இருப்பவர். போனவர்களில் சிலர் ஒரு ராத்திரி காய்ச்சல் இறங்காமல் உங்கள் கதவைத் தட்டுவார்கள். அப்போது ஏன் போனீர்கள் என்று கேட்க வேண்டாம். என்ன ஊசி போட்டார்கள், எத்தனை போட்டார்கள், கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனீர்கள் என்று கேளுங்கள்.